சொந்தப் படகில் ஹாஃப் மூன் பே: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் 30 அடிப் பாய்மரப் படகு சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாக் கரையில், பெர்க்லி மரீனா என்ற படகுத்துறையில் நிற்கிறது. வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை விரிகுடாவின் வாசலான கோல்டன் கேட் வழியாகப் பசிபிக்கில் இறங்கி, தெற்கே திரும்பி, ஹாஃப் மூன் பேயை ஒட்டிய பில்லர் பாயின்ட் துறைமுகத்துக்குப் போவோம். சான் ஹோசே, ஃப்ரீமான்ட் நண்பர்கள் காரில் அங்கே வந்து சேர்ந்துகொள்வார்கள். சிலர் எங்களோடு படகிலேயே வரக் கேட்பார்கள். ஒவ்வொரு தடவையும் வாட்ஸ்அப்பில் அதே சந்தேகங்கள், அதே பதில்கள். இனி இந்தப் பக்கத்தை அனுப்பிவிடுவதாக உத்தேசம்.

காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. படகில் எவ்வளவு நேரம் ஆகும்?

பெர்க்லியிலிருந்து கோல்டன் கேட் பாலம் வரை சுமார் 8 கடல் மைல். பாலத்திலிருந்து மணல் திட்டுகளைச் சுற்றிக்கொண்டு பில்லர் பாயின்ட் போக இன்னும் ஏறக்குறைய 25. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். எங்கள் படகின் வேகம் மணிக்கு 5 கடல் மைல், அதாவது சைக்கிள் வேகம். கணக்குப் போட்டால் ஆறரை, ஏழு மணி நேரம். அது காகிதக் கணக்கு.

கரையை ஒட்டியே போறீங்க. அப்புறம் என்ன பயம்?

இந்தப் பயணத்தில் பயப்பட வேண்டியதே கரைக்குத்தான். நடுக்கடலில் அலை படகைத் தூக்கி இறக்கிவிட்டுப் போய்விடும். ஆழம் குறைந்த இடத்தில் அதே அலை நிமிர்ந்து, தலைகவிழ்ந்து உடையும். 2012 ஏப்ரலில், கோல்டன் கேட்டுக்கு மேற்கே கடலில் உள்ள ஃபாரலோன் தீவைச் சுற்றிவரும் பந்தயத்தில் 'லோ ஸ்பீட் சேஸ்' என்ற படகு தீவுக்கு மிக நெருக்கமாக, ஆழம் குறைந்த இடத்தைக் கடக்கும்போது உடையும் அலையில் சிக்கியது. இருந்த 8 பேரில் 5 பேர் இறந்தார்கள். அவர்கள் யாரும் கத்துக்குட்டிகள் அல்ல.

இன்னொன்று, பாலத்தைத் தாண்டினால் பில்லர் பாயின்ட் வரை ஒதுங்க ஒரு துறைமுகம் கிடையாது. ஓஷன் பீச், பசிபிகா, டெவில்ஸ் ஸ்லைடு, மான்டாரா கலங்கரை விளக்கம் எல்லாம் காரிலிருந்து பார்க்க அழகு. படகிலிருந்து பார்த்தால் பாறையும் நுரையும். அதனால் நாங்கள் கரையிலிருந்து இரண்டு மூன்று மைல் தள்ளியே போவோம். நீங்கள் எதிர்பார்த்த போட்டோ கிடைக்காது.

கோல்டன் கேட்டில் அப்படி என்னதான் இருக்கு?

ஒரு பெரிய விரிகுடா முழுவதும் ஒரு மைல் அகல வாசல் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. கடல் உள்ளே வருவதை ஏற்றம் என்றும் வெளியே போவதை வற்றம் என்றும் இங்கே எழுதுகிறேன். நம் கடற்கரைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: அமாவாசையும் பௌர்ணமியும் ஒட்டிய நாட்களில் இரண்டும் மூர்க்கமாக இருக்கும். அப்போது பாலத்தடியில் வற்றம் மணிக்கு 5, 6 கடல் மைல்வரை ஓடும். எங்கள் படகின் முழு வேகமே அவ்வளவுதான். எதிர்த்துப் போனால் இன்ஜின் கதறும், பாலத்தின் தூண் மட்டும் அதே இடத்தில் நிற்கும்.

வாசலுக்கு வெளியே குதிரை லாட வடிவில் ஒரு மணல் திட்டு. அதன் வடக்குப் பகுதிக்கு உருளைக்கிழங்குத் தோட்டம் என்று பெயர், பொட்டேட்டோ பேட்ச். வடக்கே பொடேகா பே பக்கமிருந்து உருளைக்கிழங்கு ஏற்றி வந்த படகுகள் அங்கே மூட்டைகளைப் பறிகொடுத்ததால் வந்த பெயர் என்பது கதை. சில இடங்களில் ஆழம் 7 மீட்டர்தான். மேற்கிலிருந்து வரும் அலையும் கிழக்கிலிருந்து பாயும் வற்றமும் இந்தத் திட்டின் மேல் மோதிக்கொள்ளும். எதிர்நீரோட்டம் அலையின் நீளத்தை நசுக்கும். நீளம் குறைந்த அலை செங்குத்தாக எழும். கீழே மணல் வேறு தடுக்கும். சுவர் மாதிரி வரிசையாக வரும்.

பெரிய கப்பல்களுக்காகத் திட்டின் நடுவே 55 அடி ஆழத்துக்குத் தோண்டிய கால்வாய் இருக்கிறது, இருபுறமும் ஜோடி ஜோடியாக மிதவைகள். நாங்கள் அந்தக் கால்வாயிலேயே கடைசி ஜோடியான 1, 2 வரை போய்த்தான் தெற்கே திரும்புவோம். ஓஷன் பீச்சை ஒட்டிக் குறுக்கு வழி உண்டு. தூரம் மிச்சமாகும். அலை இருக்கும் நாளில் நான் அதில் போவதில்லை.

எந்த மாசம் வந்தா நல்லது?

செப்டம்பர், அக்டோபர். ஏப்ரலிலிருந்து ஜூன் வரை வடமேற்குக் காற்று வாரக்கணக்கில் விடாமல் அடிக்கும். ஜூலை, ஆகஸ்ட்டில் மூடுபனி. குளிர்காலத்தில் புயலுக்கு முன்னால் காற்று தெற்கிலிருந்து அடிக்கத் தொடங்கும். அதைவிட, ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் அடித்த புயலின் அலை, இங்கே வெயில் அடிக்கும்போதே வந்து சேரும். பில்லர் பாயின்ட்டுக்கு வெளியே உள்ள மேவரிக்ஸ் பாறைத்திட்டில் அப்போது 50 அடிக்கு மேல் அலை எழும், உலகெங்கிலுமிருந்து சர்ஃபிங் வீரர்கள் பறந்து வருவார்கள். அவர்கள் விமானம் ஏறுகிற வாரத்தில் நான் படகை அவிழ்ப்பதில்லை.

6 அடி அலைன்னு போட்டிருக்கு. என் உயரம்தானே, அது பெரிசா?

உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள், இரண்டு அலைக்கு நடுவே எத்தனை விநாடி என்று பாருங்கள். 14 விநாடி இடைவெளியில் 6 அடி அலை, நகரும் குன்று. ஏறுவது தெரியாது, இறங்குவது தெரியாது. அதே 6 அடி 7 விநாடியில் வந்தால் ஒன்றிலிருந்து எழுந்து மூச்சுவிடுவதற்குள் அடுத்ததில் படகின் மூக்கு குத்தும்.

ஆனால் நீண்ட இடைவெளி அலைக்கு வேறொரு குணம். 14 விநாடி அலையின் நீளம் ஆழ்கடலில் 300 மீட்டர். நீளத்தில் பாதி ஆழம் வந்ததுமே அதற்குத் தரை தட்டுப்படத் தொடங்கும். வெளியே சாதுவாக இருப்பது திட்டின் மேல் பேயாக மாறுவது அதனால்தான். மேலும், அறிவிப்பில் சொல்லும் 6 அடி என்பது எல்லா அலைகளிலும் பெரியவையான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. நாள் முழுக்கப் போனால் அதைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்கு அலை ஒன்றாவது வரும்.

கிளம்பும் முன் நான் பார்ப்பது அலையை அளக்கும் மூன்று மிதவைகள்: சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு மேற்கே உள்ள 46026ஆம் எண், தெற்கே ஹாஃப் மூன் பேயின் 46012, மணல் திட்டுக்கு அருகே 46237. முன்னறிவிப்பு நாளையைச் சொல்லும். இவை இப்போது என்ன நடக்கிறது என்று சொல்லும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் நான் மிதவையைத்தான் நம்புவேன்.

ஹை டைட் 10 மணின்னா 10 மணிக்குத் தண்ணி நின்னிருக்கும்ல?

இல்லை. இந்த ஒரு தப்பில் பலர் மாட்டியிருக்கிறார்கள். நீர்மட்டம் உச்சிக்கு வருவது வேறு, நீரோட்டம் நிற்பது வேறு. கோல்டன் கேட்டில் மட்டம் இறங்கத் தொடங்கிய பிறகும் தண்ணீர் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். நீரோட்டத்துக்கென்றே தனி அட்டவணை உண்டு, அதைத்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் வழக்கம், ஓட்டம் நின்று வற்றம் மெல்லத் தொடங்கும் நேரத்தில் பாலத்தடியில் இருப்பது. வற்றம் உச்சத்துக்கு வருமுன் திட்டைத் தாண்டிவிடலாம். திரும்பும்போது ஏற்றத்தில் நுழைவது.

எனக்கு வாந்தி வருமா?

வரலாம். எனக்கும் வந்திருக்கிறது. படகு வைத்திருப்பவர்கள் இதைப் பொதுவாக வெளியே சொல்ல மாட்டார்கள்.

மாத்திரை என்றால் முந்தின இரவே போட வேண்டும், பாலத்தடியில் போட்டால் வயிறு மாத்திரையைத்தான் முதலில் வெளியேற்றும். காதுக்குப் பின்னால் ஒட்டும் மருந்துப் பட்டைக்கு டாக்டர் சீட்டு தேவை. இஞ்சி மரப்பா நிஜமாகவே கைகொடுக்கிறது. எங்கள் படகில் சுக்கானுக்குப் பக்கத்து டப்பாவில் எப்போதும் இருக்கும். வெறும் வயிறு கூடாது. இட்லி மிளகாய்ப்பொடி சரி, எண்ணெய் மிதக்கும் எதுவும் சரியில்லை. ஒருமுறை நல்லெண்ணத்தில் ஒரு நண்பர் எவர்சில்வர் தூக்கில் சாம்பார் கொண்டுவந்தார். பாலத்துக்கு வெளியே வடகரை முனையான பாயின்ட் பொனிட்டா தாண்டினதும் தூக்கு உருண்டது. படகின் அடித்தட்டில் பெருங்காய வாசனை போக ஒரு மாசம் ஆயிற்று.

தலை சுற்றத் தொடங்கினால் கீழ் அறைக்குள் போகாதீர்கள், போனைப் பார்க்காதீர்கள். தொடுவானத்தைப் பாருங்கள். சுக்கானைக் கையில் கொடுத்தால் பாதிப் பேருக்கு அடங்கிவிடும். வந்தே தீரும் என்றால் காற்று போகிற பக்கமாக, ஹார்னஸ் (படகோடு கட்டிக்கொள்ளும் வார்) மாட்டிக்கொண்டு. கூச்சப்பட்டு ஓரமாக எழுந்து போவதுதான் ஆபத்து.

காலேஜ்ல நீச்சல் சாம்பியன் நான். லைஃப் ஜாக்கெட் கட்டாயமா?

கட்டாயம். இந்தத் தண்ணீர் பெரும்பாலும் 10 முதல் 15 டிகிரி. நம் ஊர்க் கடல் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். குளிர்நீர்ப் பயிற்சியில் 1, 10, 1 என்று சொல்லிக்கொடுப்பார்கள். விழுந்த முதல் 1 நிமிஷம் மூச்சு கட்டுப்பாட்டில் இருக்காது. அடுத்த 10 நிமிஷம்தான் கை கால் சொன்னபடி கேட்கும். நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். முதல் நிமிஷத்தில் தண்ணீர் குடிக்காமல் இருக்க நீச்சல் உதவாது, ஜாக்கெட் உதவும்.

பாலம் தாண்டினதும் எல்லோரும் படகோடு வாரால் கட்டப்பட்டிருப்போம். அலையில் விழுந்த ஒருவரைத் திரும்பி வந்து கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஒரு தலையணையைத் தூக்கிப் போட்டுத் தேடிப் பாருங்கள். நாங்கள் விரிகுடாவுக்குள் போட்டுப் பார்த்தோம். கிடைக்கவில்லை.

பசங்களைக் கூட்டிட்டு வரலாமா?

கடல் பகுதிக்கு வேண்டாம். அவர்கள் காரில் வந்து துறைமுகத்துக்குள் படகில் ஏறட்டும். சந்தோஷம் அதேதான். சட்டப்படி படகு ஓடும்போது மேல்தட்டில் இருக்கும் 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் ஜாக்கெட் போட்டிருக்க வேண்டும். எங்கள் படகிலும் போட வைப்போம்.

கொஞ்ச நேரம் நான் ஓட்டலாமா? லைசென்ஸ் வேணுமா?

2025 ஜனவரி 1 முதல் கலிஃபோர்னியாவில் மோட்டார் உள்ள படகை ஓட்டும் எல்லா வயதினருக்கும் படகோட்டி அட்டை தேவை. இன்ஜின் உள்ள பாய்மரப் படகும் இதில் அடக்கம். ஒரு தேர்வு, 10 டாலர், ஆயுளுக்கும் செல்லும். அட்டை உள்ள பெரியவர் பக்கத்தில் நின்று மேற்பார்வை செய்தால் அட்டை இல்லாதவரும் ஓட்டலாம். வாந்தி மருந்தாகச் சுக்கானைக் கொடுப்பது அந்த விலக்கில்தான்.

டீசல் காசை நாங்களும் பங்கு போட்டுக்கிறோமே?

டீசல், சாப்பாட்டுச் செலவை நண்பர்கள் விருப்பப்பட்டுப் பகிர்ந்துகொள்வதில் தப்பில்லை. ஆளுக்கு இவ்வளவு கொடுத்தால்தான் ஏறலாம் என்றால் அது வாடகைப் பயணம், அதற்குக் கேப்டன் உரிமம் வேண்டும். அதனால் பணம் அனுப்பாதீர்கள். பில்லர் பாயின்ட்டில் ஜான்சன் பியரில் மீனவர்கள் படகிலிருந்தே மீனும் பருவத்தில் நண்டும் விற்பார்கள். அதை வாங்கி வையுங்கள்.

பெரிய கப்பல் வந்தா நமக்கு வழி விடுமா?

விடாது, விடவும் முடியாது. 'பாய்மரத்துக்கு முன்னுரிமை' என்று எங்கோ படித்துவிட்டு வருபவர்கள், குறுகிய கால்வாயில் அது செல்லாது என்பதையும் படிக்க வேண்டும். கால்வாயை விட்டு வெளியே போனால் உடைகிற அலை, உள்ளே இருந்தால் ஆயிரம் அடிக் கப்பல். அதனால் ஓரமாக, மிதவை வரிசையை ஒட்டி. ரேடியோவில் 14ஆம் சேனலைக் கேட்டுக்கொண்டே இருப்போம். கப்பல் போக்குவரத்தை மேற்பார்க்கும் நிலையம் அதில் பேசும், எந்தக் கப்பல் எங்கே வருகிறது என்று தெரிந்துவிடும். கப்பல் ஐந்து குறுகிய ஊதல் ஊதினால் உன் உத்தேசம் எனக்குப் புரியவில்லை என்று பொருள். அதற்குள் நாம் நகர்ந்திருக்க வேண்டும்.

கப்பலைவிட எனக்குத் தலைவலி நண்டுக் கூண்டுகள். பருவம் தொடங்கினால் கரை நெடுக மிதப்பான்கள், கீழே கயிறு. ஒன்று புரொபெல்லரில் சுற்றினால் மேலே சொன்ன 10 டிகிரித் தண்ணீரில் யார் இறங்குவது?

இன்ஜின் நின்னுட்டா?

நின்றிருக்கிறது. ஒரு மே மாசம், டெவில்ஸ் ஸ்லைடுக்கு நேரே. அலை குலுக்கும்போது டீசல் தொட்டியின் அடியில் பல வருஷமாகப் படிந்த கசடு கலங்கி ஃபில்டரை அடைக்கும். அமைதியான நாளில் இது நடக்கவே நடக்காது, குலுக்கும் நாளில்தான் நடக்கும். தொட்டியைச் சுத்தம் செய்ததாகச் சொல்லிக் காசு வாங்கிய பட்டறையை நம்பித் திறந்து பார்க்காமல் விட்டது என் தப்பு.

மனைவி உடனே பாயைப் பிடித்துப் படகைக் கரையிலிருந்து விலக்கினாள். நான் கீழே தலைகுப்புறக் கிடந்தேன். ஃபில்டர் கிண்ணத்தைக் கழற்றினால் ரசத்தின் அடிவண்டல் மாதிரி கறுப்பாக ஏதோ. கிண்ணத்தைக் கைக்குள் வைத்து, டார்ச்சைப் பல்லில் கடித்து, புதுசை மாட்டி, காற்றை வெளியேற்றிக் கிளப்ப 40 நிமிஷம். பிறகு ஒரு மணி நேரம் டீசல் வாசனையோடு குமட்டல். இப்போது நான்கு ஃபில்டர் உபரியாக இருக்கின்றன, தொட்டியை வருஷாவருஷம் நானே திறக்கிறேன். பாய் விரிக்கத் தயாராக இல்லாமல் இந்தக் கரையில் மோட்டாரை மட்டும் நம்பிப் போகக் கூடாது.

மூடுபனி வந்தா?

துறைமுக வாசலுக்குத் தென்கிழக்கேயும் பாறைத் தொடர் இருக்கிறது. பார்வை இல்லாமல் குறுக்கே வெட்டிப் போக முடியாது. ராடாரும் வரைபடக் கருவியும் இருக்கின்றன, மிதவைக்கு மிதவை போவோம். குன்றின் மேலே பெரிய டிஷ் வைத்த ராணுவ நிலையம் தெரிந்தால் மனசு லேசாகும். தெரியாவிட்டால் இன்னும் மெதுவாகப் போவோம்.

சனிக்கிழமை மதியம் 1 மணிக்குச் சரியா வந்துடுவீங்கல்ல? டேபிள் புக் பண்ணணும்.

புக் பண்ணாதீர்கள். இந்தப் பக்கத்தை எழுதியதே இந்தக் கேள்விக்காகத்தான்.

காலை 8 மணிக்குப் பாலத்தடியில் ஓட்டம் நிற்கிறது என்று வையுங்கள். 6 மணிக்குப் பெர்க்லியில் அவிழ்த்தால், ஒன்றேகாலுக்குள் பில்லர் பாயின்ட். பார்க்க எவ்வளவு லட்சணமாக இருக்கிறது! ஆனால் நீரோட்ட நேரம் தினமும் 50 நிமிஷம்போல் தள்ளிப்போகும். அடுத்த சனிக்கிழமை அதே 8 மணிக்குத் தண்ணீர் வேறு திசையில் பாய்ந்துகொண்டிருக்கும். நண்பர்கள் தேதி குறிப்பது விடுமுறையைப் பார்த்து, கடலுக்கு அந்தக் காலண்டர் கிடையாது. எங்கள் முதல் பயணத்தில் பன்னிரண்டு பேருக்குப் பிரியாணி ஆர்டர் கொடுத்தாகிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக, பௌர்ணமிக்கு மறுநாள், முழு வற்றத்தில் திட்டுக்குப் போனேன். முன்தட்டில் ஏறிய அலை எங்கள் மடி வரை வந்தது. யாரும் பேசவில்லை. திரும்பலாம் என்று மனைவி சொன்னபோது, 'அவங்க காத்திருப்பாங்களே' என்று நான் சொன்னேன். அந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

இப்போது ஏற்பாடு வேறு. சந்திப்பு உறுதி, நாங்கள் எதில் வருவோம் என்பது உறுதியில்லை. வெள்ளி இரவு 9 மணிக்கு மிதவைகளைப் பார்த்துச் செய்தி போடுவோம்: படகு அல்லது கார். படகு என்றாலும் பாயின்ட் பொனிட்டாவில் ஒருமுறை, கால்வாயின் கடைசி மிதவையில் ஒருமுறை முடிவெடுப்போம். படகில் இருக்கும் யார் ஒருவர் 'வேண்டாம்' என்றாலும் திரும்பிவிடுவோம், காரணம் கேட்க மாட்டோம். திரும்பினால் பெர்க்லியில் கட்டிவிட்டுக் காரில் வருவோம். அப்படி இருமுறை வந்திருக்கிறோம். சாப்பாடு ஆறவில்லை.

சொன்ன நேரத்துக்கு வரலைன்னா எப்போ கவலைப்படணும்?

கிளம்பும் முன் ஒரு தாளைப் போட்டோ எடுத்து அனுப்புவோம்: படகின் பெயர், நிறம், எத்தனை பேர், வழி, எதிர்பார்க்கும் நேரம், அதற்குக் கீழே 'இதைத் தாண்டினால் கடலோரக் காவல்படையை அழையுங்கள்' என்று இன்னொரு நேரம். இரண்டுக்கும் நடுவே 4 மணி நேரம் விட்டிருப்போம். அந்த இடைவெளியில் போன் எடுக்கவில்லையே என்று பதற வேண்டாம், வழியில் சிக்னல் நம்பத் தக்கதல்ல. இரண்டாவது நேரம் தாண்டினால் தயங்கவும் வேண்டாம்.

எங்கள் பக்கம் ரேடியோவில் 16ஆம் சேனல், இடத்தையும் சேர்த்து அனுப்பும் அவசரப் பொத்தான், செயற்கைக்கோளுக்குச் சமிக்ஞை தரும் 406 மெகாஹெர்ட்ஸ் கருவி எல்லாம் உண்டு. பதிவு செய்யாத கருவி பாதிக் கருவி என்பதால் அதையும் செய்திருக்கிறோம்.

சான்டா குரூஸ் நண்பர் அவர் படகில் வர்றாரே. கடல்லயே ரெண்டு படகையும் பக்கத்துல கட்டி சாப்பிடலாமே?

அலையில் இரண்டு பாய்மரப் படகைப் பக்கத்தில் கட்டினால் ஒன்று வலதுபுறம் சாயும்போது மற்றது இடதுபுறம் சாயும். மேலே பாய்மரங்கள் முட்டும், கீழே விரல்கள் நசுங்கும். துறைமுக அலைத்தடுப்புச் சுவருக்குள் நங்கூரம் போட்ட பிறகு கட்டுவோம்.

அவருக்கு நம்மைவிடக் கஷ்டம் என்பதையும் நினைவில் வையுங்கள். நாம் வடமேற்குக் காற்றை முதுகில் வாங்கித் தெற்கே வருகிறோம். அவர் அதே காற்றை முகத்தில் வாங்கி 40 மைலுக்கு மேல் வடக்கே ஏற வேண்டும். அவர் முந்தின நாளே வந்துவிடுவார், அல்லது வரவே மாட்டார்.

ஞாயிறு திரும்ப முடியலைன்னா வேலைக்கு எப்படிப் போவீங்க?

திரும்புவதில் நம் நிலைமை மேலே சான்டா குரூஸ்காரருக்குச் சொன்னதேதான். மதியத்துக்கு மேல் காற்று ஏறும் என்பதால் விடிவதற்கு முன்பே கிளம்பி, இன்ஜினில் ஓடி, ஏற்றத்தில் பாலத்துக்குள் நுழையப் பார்ப்போம். காற்று இரவிலேயே அடங்கவில்லை என்றால் கிளம்புவதில்லை.

அப்போது துறைமுக அலுவலகத்தில் விருந்தினர் இடத்துக்குப் பணம் கட்டி, கயிறுகளை இரட்டித்துக் கட்டி, உங்கள் யாராவது ஒருவர் காரில் தொற்றிக்கொள்வோம். அதனால் வரும்போது காரில் இரண்டு இடம் காலியாக விட்டு வாருங்கள். ஒருமுறை படகு ஒன்பது நாள் அங்கேயே கிடந்தது. இரண்டாவது செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டுப் போய்க் கொண்டுவந்தோம். கடல் தட்டாக இருந்தது, கூட வர அன்று யாருக்கும் நேரமில்லை.